கயிறு பிடிப்பவர்

பழைய டைவிங் ரெகுலேட்டர் வாங்குகிறவர் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது அதன் தூசி மூடியை. மூடிக்கு அடியில், சிலிண்டரோடு போய்ப் பொருந்துகிற வாயில், விரல் நகம் அளவுக்கு ஒரு வடிகட்டி இருக்கிறது. உலோகத் துகள்களை அழுத்திச் சுட்டுச் செய்த வில்லை அது. காற்று போகும், தூசி போகாது. புதிதில் பளிச்சென்று மினுங்கும். பச்சை பூத்திருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. யாரோ மூடியைப் போடாமல் கழுவியிருக்கிறார்கள். செங்காவி நிறம் தெரிந்தால் அது இரும்புச் சிலிண்டரின் துரு. கறுத்திருந்தால், காற்று நிரப்பிய கம்ப்ரஸரின் கரியோ எண்ணெயோ வந்து படிந்திருக்கிறது. விற்பவர் எதைச் சொன்னாலும் சரி, எதை விழுங்கினாலும் சரி, அந்த வில்லையில் எழுதியிருக்கும்.

என்னிடம் இருப்பதன் வில்லையில் விளிம்பில் மட்டும் லேசான பச்சை. கடற்கரை ஊர் ஒன்றில் டைவிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், தொழிலை விட்டுப் போகும்போது விற்றது. “ரெண்டு மூணு தடவதான் சார் போட்டிருப்பேன்” என்றார். மவுத்பீஸில் கடைவாய்ப் பல் ஆழமாகப் பதிந்த தடம் வேறு கணக்குச் சொன்னது. விலை படிந்துவிட்டதால் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

அவனியாபுரத்தில் மொட்டைமாடி அறையில் இந்தச் சாமானைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கீழே இருந்து கேள்வி வராமல் இருக்காது. தை முதல் நாள் ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன ஊர். மாட்டைப் பற்றிக் கேட்டால் நடுராத்திரியில் எழுப்பினாலும் சொல்வார்கள். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால். “கம்மாயிலயே முழங்காத் தண்ணி இல்ல, நீங்க எங்க போயி முங்கப் போறீங்க?” என்று கேட்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தூத்துக்குடி என்று பதில் சொன்னால் உப்பு வாங்கி வரச் சொல்வார்.

சிலிண்டர் இல்லாமலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. தூசி மூடியை இறுக்கிவிட்டு, மவுத்பீஸை வாயில் வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். கொஞ்சம் வந்து, பிறகு அடைத்துக்கொள்ள வேண்டும். நாக்கால் அடைத்துப் பிடித்தால் உதட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். அப்படி நிற்காமல் எங்கிருந்தோ காற்று கசிந்து வந்தால், தண்ணீருக்குள் அதே வழியில் தண்ணீர் வரும். மூச்சு வெளியேறும் இடத்தில் காளான் குடை வடிவில் ஒரு சிலிக்கோன் தகடு இருக்கிறது. ஒரு மணல் பருக்கை அதன் விளிம்பில் சிக்கினால் போதும். இல்லாவிட்டால் மெல்லிய சவ்வான டயாஃப்ரத்தில் ஊசித்துளை இருக்கலாம். மவுத்பீஸைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவுக்கு அடியில் ரப்பர் கிழிந்திருக்கலாம். அந்த இடத்தைத் திருப்பிப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. ஹோஸின் முனையில் இருக்கும் ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி, உலோகத்தோடு சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஹோஸ்கள் அங்கேதான் சாகின்றன, உறை அதை அழகாக மறைத்துவைத்திருக்கும்.

இதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் காற்று வேண்டும், நல்ல அழுத்தத்தில்.

நிரப்பிய சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைந்து கிடக்கிறது. நம் நெஞ்சு வாங்கக்கூடியது நம்மைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான்; பத்து மீட்டர் ஆழத்தில் 2 பார், இருபதில் 3. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை ரெகுலேட்டர் இரண்டு படியாக இறங்குகிறது. சிலிண்டரில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், 200 பாரைச் சுற்றுத் தண்ணீரைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ் மீதியைக் குறைக்கிறது. மூச்சை இழுக்கும்போது டயாஃப்ரம் உள்வாங்கி, ஒரு நெம்புகோலை அழுத்தி, வால்வு திறக்கிறது. இழுப்பதை நிறுத்தினால் மூடிக்கொள்கிறது. கேட்டால் தரும், கேட்காவிட்டால் தராது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கண்மாய் போதும். நீர்ப்பிடிப்பு முழுக்க மடையை அழுத்திக்கொண்டு நிற்கிறது. மடை வழியாக வாய்க்காலுக்கு வரும்போது வேகம் பாதி அடங்குகிறது. வயலின் வரப்பில் வெட்டிவிடும் வாயில் அது ஒரு மண்வெட்டி மண்ணுக்குக் கட்டுப்படுகிறது. பாண்டிய நாட்டின் பழைய கண்மாய்களில் இந்த முதல் மடை கரையில் இருக்கவில்லை, தண்ணீருக்கு உள்ளே இருந்தது. குமிழித்தூம்பு என்று பெயர். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீருக்குள் நட்ட இரண்டு கல்தூண்கள். அவற்றுக்குக் கீழே கல்தொட்டி. தொட்டியின் மேல்பலகையில் நீரோடித் துளை, அடியில் வண்டல் வெளியேற சேறோடித் துளைகள். அங்கிருந்து கரைக்கு அடியில் சுருங்கை ஓடும். கண்மாய் பெருகி நிற்கும்போது ஓர் ஆள் நீந்திப் போய், தூணைப் பிடித்துக்கொண்டு முங்கி, துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கிவிட வேண்டும். தூக்கிய மறுநொடி தண்ணீர் அந்தத் துளைக்குள் பாயும். கையோ காலோ அதன் பக்கம் இருந்தால் சேர்த்து இழுக்கும். மேலே குமிழி எழுந்து வந்தால் கரையில் இருப்பவர்களுக்கு வேலை முடிந்தது என்று தெரியும். கடலே இல்லாத இந்தச் சமவெளிக்கு முக்குளிப்பு புதிதில்லை. மூச்சடக்கி அழுத்தத்தோடு மல்லுக்கட்டும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் இங்கே இருந்தார்கள். கரையில் இரும்பு ஷட்டர் வந்து அவர்களை வேலையிலிருந்து நிறுத்தியது.

மதுரைக்கும் இந்தக் கருவிக்கும் இன்னொரு தூரத்து உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் பேருந்துகளைக் கரி வாயுவில் ஓட்டுவதற்கான கலன்களைத் தயாரித்தது. டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று பெயர். பேருந்துக்குப் பின்னால் அதைக் கட்டிக்கொண்டு, மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடிய வண்டிகளைப் பற்றி அந்தக் காலத்துப் பயணிகள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அதே போர், அதே தட்டுப்பாடு, பாரிஸ். ஏர் லிகீத் நிறுவனத்தின் எஞ்சினியர் எமில் கான்யான், காருக்கு எரிவாயுவை எஞ்சின் கேட்கும் அளவுக்கு மட்டும் அனுப்பும் வால்வு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். 1942 டிசம்பரில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரைப் போய்ப் பார்த்து, தண்ணீருக்குள் மூச்சுவிட ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, கான்யான் எடுத்துக் காட்டியது அந்த வால்வைத்தான். எஞ்சினுக்குப் பதில் நெஞ்சு. கார்கள் பெட்ரோலுக்குத் திரும்பிய பின்னும் அந்த வால்வு கடலில் தங்கிவிட்டது.

முதல் சோதனை பாரிஸுக்குப் பக்கத்தில் மார்ன் ஆற்றில் நடந்தது. படுத்த நிலையில் நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று தானாகக் கொட்டித் தீர்ந்தது. தலைகீழாகப் போனால் இழுத்தாலும் வரவில்லை. காற்று உள்ளே வரும் இடமும் மூச்சு வெளியே போகும் இடமும் தண்ணீரில் வெவ்வேறு மட்டத்தில் இருந்ததுதான் காரணம். சாண் அளவுகூட இல்லாத அந்த உயர வித்தியாசத்துக்கு உரிய தண்ணீர் அழுத்தமே வால்வைத் திறக்கவும் பூட்டவும் போதுமாக இருந்தது. இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள், சரியாகிவிட்டது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதன் அளவுகள்தான். 200 பாரைக் கட்டி ஆளும் கருவி, கடைசியில் சில சென்டிமீட்டர் தண்ணீருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. செகண்ட் ஸ்டேஜை அட்ஜஸ்ட் செய்வது என்று நாம் சொல்வதெல்லாம் அந்தச் சில சென்டிமீட்டருக்குள் நடக்கிற காரியம்.

கான்யானுக்கு எண்பது வருடம் முன்பே பிரான்ஸில் இதற்கு ஒரு முன்னோடி இருந்தது. சுரங்க எஞ்சினியர் பெனுவா ரூக்கெரோல் 1860இல் ஒரு காற்றுச் சீராக்கியைச் செய்தார். கடற்படைக்காரர் ஓகுஸ்த் தெனெரூஸ் சேர்ந்து அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோனார். ஜூல் வெர்ன் அதைத் தன் ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ நாவலில் கேப்டன் நெமோவின் ஆட்களுக்கு மாட்டிவிட்டார். நாவல் முழுசாக வெளிவந்தது 1870இல். அதில் நெமோ தன் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு முதுகில் காற்றோடு இறங்கிப் போய்ப் பார்க்கும் இடங்களில் ஒன்று, நம் மன்னார் வளைகுடாவின் முத்துப் பார். சிப்பிகளுக்கு நடுவே அவர்கள் நடந்துகொண்டிருக்கும்போது, மேலே இருந்து ஒரு கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு முத்துக்குளிப்பவர் ஒருவர் விழுகிறார். சிப்பி பொறுக்குகிறார், மேலே போகிறார், மறுபடி வருகிறார். சுறா வருகிறது. நெமோ கத்தியோடு பாய்கிறார். பிழைத்த மனிதரின் கையில் ஒரு பை நிறைய முத்தைத் திணித்துவிட்டுப் போகிறார்.

சாகசத்தை விட்டுவிடலாம். ஒரே ஆழத்தில் இரண்டு விதமான மூச்சு எதிரெதிரே நின்ற காட்சியை ஒரு நாவலாசிரியர் நம் கடலில் வைத்து எழுதினார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நெமோவுக்கு மேலே யாரும் இல்லை. நிஜ முத்துக்குளிப்பவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். படகில் நின்று கயிற்றைப் பிடித்திருக்கிறார். கீழே இருந்து இழுப்பு வந்ததும் தூக்க வேண்டும். அந்த வேலையை மச்சினனிடம்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தங்கச்சி தாலியை நினைத்தாவது கை சோராது என்ற கணக்கு. கூஸ்தோ கண்ட கனவே இந்தக் கயிற்றையும் குழாயையும் அறுத்துக்கொண்டு மீனைப்போல் திரிவதுதான். அறுத்தும்விட்டார். ஆனால் பழைய ரெகுலேட்டர் ஒன்றைக் கையில் எடுத்து உட்காரும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, கயிறு பிடித்த கை எங்கும் போய்விடவில்லை என்பதே. இந்தச் சாமானை முன்னால் வைத்திருந்தவர், கடைசியாகப் பிரித்துக் கோத்தவர், சிலிண்டரில் காற்று நிரப்பியவர் என்று பல கைகளாகப் பிரிந்திருக்கிறது. கயிறு பிடித்தவரின் முகத்தையாவது பார்க்க முடிந்தது. இவர்களைப் பார்க்க முடியாது. அவர்கள் விட்டுப்போன தடத்தைத்தான் தேட முடியும்.

தடம் பொய்யும் சொல்லும். முத்துக்குளிப்பில் கயிறு பிடிப்பவரைவிட மேலான காவல் ஒன்று இருந்தது. கடல் கட்டி என்று அழைக்கப்பட்டவர் மந்திரம் போட்டுச் சுறாவின் வாயைக் கட்டுவார். அவர் வராமல் ஒருவரும் இறங்க மாட்டார்கள். மார்க்கோ போலோ காலத்திலேயே இந்த வழக்கம் உண்டு. எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்று எழுதிவைத்திருக்கிறார். இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தன் புத்தகத்தில், தான் முத்துக்குளிப்பைப் பார்க்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறார். கடல் கட்டிக்கு அன்று உடம்பு சரியில்லை. பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவருக்கு மந்திரம் தெரியாது. அதை அவரே ஒத்துக்கொண்டார். ஆனாலும் மேலிடத்துப் பிரதிநிதியாகத் தான் அங்கே இருப்பதே போதும், சுறாக்கள் மதித்து நடக்கும் என்று உறுதி கூறினாராம்.

“போன வருஷம் சர்வீஸ் பண்ணது” என்று எழுதி ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதிலாளின் ஞாபகம் எனக்கு வந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை அல்லது நூறு டைவுக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. எந்தப் பாகத்தை மாற்றினார்கள், பழைய பாகத்தைக் கொடுத்தார்களா, மாற்றிய பின் அழுத்தம் எவ்வளவு நின்றது என்று எழுதிக் கொடுத்தால் அது சர்வீஸ். தேதி மட்டும் இருந்தால் அது பிரதிநிதி.

என் ரெகுலேட்டரைப் பிரித்தவர் தூத்துக்குடியில் ஒரு சின்னப் பட்டறைக்காரர். கப்பல் அடிப்பகுதி வேலைக்குப் பல காலம் முங்கியவர். வந்ததும் வாயில் வைத்து இழுத்துப் பார்க்கவில்லை. பேச்சும் கொடுக்கவில்லை. சிலிண்டரில் மாட்டி, ஜாக்கெட்டுக்குப் போகும் ஹோஸின் முனையில் ஒரு சின்ன கேஜைச் செருகி, மேஜை மேல் வைத்தார். முள் ஒன்பதரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. செகண்ட் ஸ்டேஜின் பித்தானை ஒருமுறை அழுத்தினார். முள் சட்டென்று இறங்கி, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது. “நல்லாத்தானே இருக்கு?” என்றேன். “பொறுங்க சார், டீ குடிச்சிட்டு வரலாம்.”

டீ குடித்துவிட்டு வந்தபோது முள் பதினொன்றைத் தாண்டியிருந்தது. யாரும் தொடவில்லை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உள்ளே, கூர்விளிம்புள்ள ஒரு துளையை ஒரு பிளாஸ்டிக் சீட் வந்து அடைக்கிறது. பல ஆயிரம் முறை அடைத்து அடைத்து அந்த விளிம்பு சீட்டில் ஒரு பள்ளத்தை வெட்டிவிடும். பள்ளம் ஆழமானால், அல்லது உப்புப் பொடி ஒன்று நடுவில் வந்தால், அடைப்பு முழுதாக விழாது. 200 பார் அந்த மயிரிழை வழியாக ஊறி ஊறி ஹோஸுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். ஏறிய அழுத்தம் ஹோஸை வெடிக்கவிடாமல் செகண்ட் ஸ்டேஜ்தான் காப்பாற்றுகிறது. அதன் வால்வு காற்று போகும் திசையிலேயே திறக்கும்படி அமைந்திருப்பதால், அளவு மீறினால் தானே திறந்து ஊதத் தொடங்கும். ஆகவே சீட் தேய்ந்த ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே உஸ்ஸென்று ஊதும். என்னுடையது ஊதவில்லை. பட்டறைக்காரர் செகண்ட் ஸ்டேஜின் ஹோஸைக் கழற்றி, நீண்ட ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். யாரோ அந்தப் பக்கத்துத் திருகை நன்றாக உள்ளே முடுக்கியிருந்தார்கள். ஊதல் நின்றுவிட்டது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் கோளாறு அப்படியே இருந்தது. மூச்சு இழுக்கச் சற்றுக் கடினமாக இருக்கும், அவ்வளவுதான். அதுவும் கடையில் நின்று இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவருக்கு உறைக்காது. பழைய ரெகுலேட்டர் சந்தையில் இதைவிட மலிவான வித்தை இல்லை.

அவர் வேலையைச் செய்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜைப் பிரித்து, எல்லாவற்றையும் மிதமான அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, சீட்டையும் ஓ-ரிங்குகளையும் மாற்றி, மறுபடி கேஜில் மாட்டி, முள் வந்து நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்தார். புதுச் சீட் தன் இடத்தில் படிந்து அமர வேண்டும் என்பதற்காகப் பித்தானைப் பலமுறை அழுத்தி அழுத்தி விட்டார். அது நின்ற பிறகுதான் செகண்ட் ஸ்டேஜைத் தொட்டார். திருகை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டே வந்தார், மெல்லிய ஊதல் கேட்கும் வரை. கேட்டதும் துளி உள்ளே, சத்தம் அடங்கும் வரை. அடங்கியதும் இன்னும் துளி.

பிறகு ஒரு எவர்சில்வர் பேசினில் தண்ணீர். செகண்ட் ஸ்டேஜை மவுத்பீஸ் மேலே பார்க்கும்படி பிடித்து, நேராக, மிக மெதுவாக இறக்கினார். டயாஃப்ரத்துக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே எவ்வளவு உயரம் வரும்போது காற்று வரத் தொடங்குகிறதோ, அதுதான் நாம் மூச்சைக் கேட்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை. இரண்டரையிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான ரெகுலேட்டர்களுக்கு நல்லது. பேசினின் உள்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார். மூன்றுக்கு அருகில் உஸ்ஸென்றது.

“அண்ணே, இன்னும் கொஞ்சம் லேசா வெச்சுத் தர முடியுமா?”

“வெக்கலாம் சார். மேசைல இழுக்கையில சொகமா இருக்கும். படகுலருந்து குதிச்சதும் அதுபாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்கும், நீங்க அத நிப்பாட்டுவீங்களா, கீழ பாப்பீங்களா?”

பேச்சு அதோடு முடிந்தது. லேசான மூச்சுக்கு ஆசைப்படுவது இயல்பு. கடையில் விற்பவர்களும் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் கேட்கும் முன்பே கொடுத்துவிடுகிற கருவி, தானாகத் திறந்துகொண்டால் ஒரு முழுச் சிலிண்டரைச் சில நிமிடங்களில் காலிசெய்துவிடும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. முப்பது மீட்டர் ஆழத்தில் காற்றின் அடர்த்தி மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு. மேசையில் சுகமாக வரும் மூச்சு அங்கே கூழாகக் கெட்டிப்படும். அதனால்தான் ஐரோப்பியத் தரக்கட்டுப்பாடான ஈ.என். 250, ரெகுலேட்டரை 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் மூச்சு வாங்கும் இயந்திரத்தில் மாட்டிச் சோதிக்கிறது. ஒரு லிட்டருக்கு 3 ஜூலுக்கு மேல் உழைப்புக் கேட்டால் தள்ளுபடி. பதறிப்போன மனிதன் எப்படி மூச்சு வாங்குவான் என்பதை வைத்துப் போட்ட கணக்கு அது. மாடி அறையில் அமைதியாக இழுத்துப் பார்க்கிறவரின் நெஞ்சை யாரும் அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்லை.

உட்புறத்தை நானே பிரித்துப் பார்க்கலாமே என்ற ஆசை எனக்கும் உண்டு. கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன, படம் போட்டுச் சொல்லித்தரவும் ஆள் இருக்கிறது. ஆசையைவிடப் பெரிய தடை காற்று. அவனியாபுரத்தில் டைவிங் சிலிண்டருக்குக் காற்றுப் பிடிக்கும் கடை என் கண்ணில் பட்டதில்லை. செகண்ட் ஸ்டேஜை மட்டும் சோதிக்க 9, 10 பார் போதும். அது நம் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் வருகிற அழுத்தம்தான். ஏர்போர்ட் சாலையில் ஒரு கடையில் கேட்டும்விட்டேன். கடைக்காரர் ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், இது கக்குற எண்ணெய லாரி டயரே தாங்க மாட்டேங்குது. நீங்க வாய்ல வெக்கிற சாமானுக்கா?”

தூத்துக்குடி, திரேஸ்புரம் பக்கம் சங்கு குளிப்பவர்கள் பலர் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். படகில் ஒரு கம்ப்ரஸர், அதை ஓட்ட எஞ்சினிலிருந்து பெல்ட், கம்ப்ரஸரிலிருந்து நீளமான பிளாஸ்டிக் குழாய், குழாயின் முனை பல்லுக்கு நடுவே. முன்பு மூச்சடக்கி எடுத்த சங்கை இப்போது மணிக்கணக்கில் கீழே நடந்து எடுக்கிறார்கள். அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணமான பெண்களின் கையில் வெள்ளை வளையலாகிறது. இந்தக் குழாயில் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றுமில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் காற்று வந்துகொண்டே இருக்கும். வேண்டியதை இழுத்துக்கொண்டு மீதியை வாயோரம் விட்டுவிட வேண்டியதுதான். காற்றோடு எஞ்சின் புகையும் வந்தால் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு தெரியாது, அதற்கு வாசனை இல்லை. ஆழத்தில் நெடுநேரம் இருந்தால் ரத்தத்தில் கரைகிற நைட்ரஜன், வேகமாக மேலேறும்போது மூட்டிலும் முதுகுத்தண்டிலும் குமிழியாகப் பிரியும். கால் விழுந்தவர்களை அந்தக் கரையில் பார்க்கலாம். இதைத் தைரியம் என்று புகழ்ந்து எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தரமான ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் ஆகும் செலவைச் சங்கின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது.

ஆனால் அந்தப் படகில் கயிறு பிடிப்பவர் இன்னும் இருக்கிறார். குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ள, புகை போகும் திசை மாறினால் படகைத் திருப்ப, டீசலைக் கவனிக்க என்று ஒருவர் மேலேயே நிற்கிறார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்: “திடீர்னு காத்து நின்னுட்டா என்னண்ணே பண்ணுவீங்க?”

“மேல இருக்கவன் எனக்கு முன்னாடியே பயந்துருவான் தம்பி” என்றார்.

1960களில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் முதுகில் காற்றைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடி கடலடியில் இறங்கி, முத்துப் பார்களில் என்னென்ன வாழ்கின்றன என்று கண்ணால் பார்த்து எழுதினார்கள். 1961ஓடு அந்தக் கரையில் முத்துக்குளிப்பு முடிந்துபோயிருந்தது. இன்று தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தவர்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகளைக் கணக்கெடுப்பதும் ஸ்கூபா மாட்டிக்கொண்டுதான். வேலைக்காக அடிக்கடி முங்குகிறவர்களிடம் பார்த்தால், அவரவர் ரெகுலேட்டரை அவரவர் மட்டுமே கழுவுவார்கள். இரவல் கேட்டால் முகம் மாறும். ஆரம்பத்தில் கஞ்சத்தனம் என்று நினைக்கத் தோன்றும்.

படகில் செய்ய வேண்டிய கடைசிச் சோதனை ஒரு நிமிடம்கூட ஆகாது, அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். சிலிண்டர் வால்வைத் திறந்துவிட்டு, கேஜைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பலமாக நாலைந்து மூச்சு இழுக்க வேண்டும். காற்றில் எண்ணெய் வாடை அடிக்கிறதா என்பது ஒன்று. முள் ஆடுகிறதா என்பது அதைவிட முக்கியம். இழுக்கும்போது முள் இறங்கி, விட்டதும் ஏறினால், வால்வு சரியாகத் திறக்கவில்லை. செகண்ட் ஸ்டேஜில் பக்கவாட்டுக் குமிழ் இருந்தால் குதிப்பதற்கு முன் அதைக் கொஞ்சம் முடுக்கிவைத்து, உள்ளே போன பின் தளர்த்திக்கொள்ளலாம். கூட வருபவரின் இரண்டாவது மவுத்பீஸையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது; அவசரத்தில் நமக்கு வரப்போவது அதுதான்.

வால்வைப் பற்றி மட்டும் படகில் எப்போதும் சண்டை. முழுசாகத் திறந்துவிட்டு, கால் சுற்று திருப்பி மூட வேண்டும் என்பது பழைய ஆட்களின் பழக்கம். முழுக்கத் திறந்த வால்வு இறுகிச் சிக்கிக்கொள்ளும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அவசரத்தில் திசையைக் குழப்பிக்கொண்டு, முழுசாக மூடிவிட்டுக் கால் சுற்று திறந்தாலும் கைக்கு அதே உணர்வுதான் இருக்கும். மேலே 200 பாரில் அந்தக் கால் சுற்று தாராளமாகக் காற்று தரும், ஒரு குறையும் தெரியாது. ஆழம் போய், சிலிண்டரும் பாதி காலியாகி, மூச்சு வேகமாகும்போதுதான் வருவது போதாமல் போகும். இப்போது பயிற்சி தருகிறவர்கள் பலரும் முழுசாகத் திற, அப்படியே விடு என்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. எங்கள் படகுக்காரர் பழைய கட்சி. நான் காலில் துடுப்பு மாட்டக் குனிந்ததும் முதுகுக்குப் பின்னால் கால் சுற்று மூடுகிறார். அவர் நங்கூரத்தைப் பார்க்கப் போனதும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி நான் திறந்துகொள்கிறேன்.